நாலு மாத நேர்முகத் தேர்வு

மூத்தவர்களிடம் மரியாதை. கஷ்டத்திலும் வாடாத முகம். இந்தச் சம்பளம் வந்தால்தான் வீடு நடக்கும் என்ற நிலைமை. விருந்தினர்களோடு நேரடியாகப் பழகும் ஊழியர்களைத் தேர்ந்தெடுக்கும்போது தாஜ் ஓட்டல் குழுமம் இந்த மூன்றையும்தான் பார்க்கிறது என்று 2011 டிசம்பர் மாத ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் ரோஹித் தேஷ்பாண்டேயும் அஞ்சலி ரெய்னாவும் எழுதினார்கள். மதிப்பெண் அந்தப் பட்டியலில் இல்லை. நுனி நாக்கு ஆங்கிலமும் இல்லை.

அவர்கள் ஆராயப் புகுந்தது வேறு ஒரு விஷயத்தை. 2008 நவம்பர் 26 இரவு மும்பை தாஜ் மகால் ஓட்டலுக்குள் துப்பாக்கிகளோடு பயங்கரவாதிகள் நுழைந்தபோது ஊழியர்கள் ஏன் ஓடவில்லை? பின்வாசல்கள் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. முதல் சில நிமிடங்களிலேயே வெளியேறியிருக்கலாம். விருந்தினர்களைப் பத்திரமாக வெளியே அனுப்புவதில் முனைந்து நின்று 11 ஊழியர்கள் உயிரை விட்டார்கள். யாரும் உத்தரவிடாமல் இது எப்படி நடந்தது என்ற கேள்விக்கு விடை தேடிப் போன கட்டுரையாளர்கள் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று, ஆள் எடுக்கும் மேஜை. அங்கே இன்னொரு வேடிக்கையும் அவர்கள் கண்ணில் பட்டது. தாஜ் ஆள் தேடியது பெருநகரங்களில் அல்ல. டெல்லியை விட்டுவிட்டு சண்டிகர், டேராடூன். பெங்களூரை விட்டுவிட்டு மைசூர், மணிப்பால். கல்கத்தாவுக்குப் பதில் ஹால்டியா. சென்னைக்குப் பதில் திருச்சியும் கோவையும்.

அதே கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. ஓட்டலில் ஒரு நாள் தங்குகிறவர் 40 முதல் 45 முறை ஊழியர்களை எதிர்கொள்கிறார். பெரும்பாலும் அந்த நேரத்தில் பக்கத்தில் மேலதிகாரி இருப்பதில்லை. லிப்ட் வாசலில், அறைக் கதவில், காலைச் சிற்றுண்டி மேஜையில் ஊழியர் தனியாகத்தான் இருக்கிறார். யாரும் பார்க்காதபோது இவர் எப்படி நடந்துகொள்வார்? ஓட்டல் நிர்வாகம் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான். பத்து நிமிட நேர்முகத் தேர்வில் இது தெரியுமா? தெரியாது. இஸ்திரி போட்ட கோட்டும் பளபளக்கும் ஷூவும் மனப்பாடம் செய்த சுய அறிமுகமும்தான் தெரியும்.

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் தெரிந்தவர்கள் சிலர் கேட்பார்கள்: “பையன் கேட்டரிங் படிக்கணும்கிறான். படிச்சா வேலை கிடைக்குமா?” கிடைக்கும் என்றால் குரலைத் தாழ்த்தி அடுத்த கேள்வி வரும்: “என்ன வேலை சார், தட்டு எடுக்கிற வேலையா?” பெண்ணைப் பெற்றவர்கள் மூன்றாவதாக ஒன்றும் கேட்பார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆமாம், தட்டு எடுக்கிற வேலையும்தான். வீட்டில் சாப்பிட்ட தட்டை அம்மா எடுத்துப்போனால் யாருக்கும் உறுத்துவதில்லை. அடுத்தவர் சாப்பிட்ட தட்டைப் பையன் எடுத்தால் குலப்பெருமை போய்விடுகிறது. திறப்பு விழா மேடைகளில் வள்ளுவரின் விருந்தோம்பல் அதிகாரத்தை இழுக்காமல் பேசி முடிக்கத் தெரியாத ஊர் நம்முடையது. அந்தப் பெருமை சமையலறை வாசலோடு நின்றுவிடுகிறது. வெட்கம் மட்டும் மாணவனோடு கல்லூரிக்குப் போகிறது, அங்கிருந்து நேர்முகத் தேர்வுக்கும் போகிறது. “எந்தப் பிரிவில் சேர விருப்பம்?” என்ற கேள்விக்கு, “மேனேஜ்மென்ட் சைடு சார்” என்று பதில் சொல்லும் இருபத்தொரு வயதுப் பையனை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கேட்பவர் அந்த இடத்திலேயே அடுத்த ஆளைக் கூப்பிட முடிவு செய்திருப்பார்.

இந்தியாவில் இந்தப் படிப்பு தொடங்கி எழுபது வருடங்களுக்கு மேலாகிறது. 1954இல் பம்பாயில் லீலாவதி முன்ஷியின் முயற்சியில் முதல் கல்லூரி வந்தது. அறுபதுகளில் டெல்லி, கல்கத்தா, சென்னை. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக ஓட்டல்கள் முளைத்தன. அதே ஆண்டில் ஓட்டல் மேலாண்மை மற்றும் கேட்டரிங் தொழில்நுட்பத்துக்கான தேசிய கவுன்சில் அமைக்கப்பட்டது. இன்று மத்திய அரசின் கல்லூரிகள், மாநில அரசுகளின் கல்லூரிகள், பல்கலைக்கழகத் துறைகள், இரண்டு மாடிக் கட்டடத்தில் ஒரு அடுப்பும் நான்கு கட்டில்களும் வைத்து நடத்தப்படும் தனியார் பயிலகங்கள் என்று கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது. எல்லாவற்றிலும் பாடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். சமையல், பரிமாறுதல், முன் அலுவலகம், அறைப் பராமரிப்பு என்ற நான்கு துறைகள்தான் அடிப்படை.

தேசிய கவுன்சிலின் மூன்று வருடப் பட்டப்படிப்பில், இரண்டாம் ஆண்டில் ஒரு பருவம் முழுக்க மாணவன் கல்லூரியில் இருப்பதில்லை. வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை மூன்றாவது பருவத்திலும் மறு பாதியை நான்காவது பருவத்திலும் ஓட்டலுக்கு அனுப்புகிறார்கள். சுமார் நான்கு மாதம். நான்கு துறைகளிலும் மாறி மாறி வேலை. தினமும் லாக் புக் எழுத வேண்டும், துறைத் தலைவர்களிடம் மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். மாணவர்கள் இதை வெறுமனே ‘டிரெய்னிங்’ என்பார்கள். பெற்றோர்களுக்கு இது பற்றி அதிகம் தெரியாது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஏ.சி. வகுப்பறையைக் கேட்பார்கள், விடுதிச் சாப்பாட்டைக் கேட்பார்கள், மூன்றாம் ஆண்டின் கேம்பஸ் இன்டர்வியூ பற்றிக் கேட்பார்கள். டிரெய்னிங்குக்கு எந்த ஓட்டலுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்பவர் அபூர்வம்.

வேலை முடிவாவது அங்கேதான் என்பது என் அபிப்பிராயம். மூன்றாம் ஆண்டில் நடப்பது அதை உறுதி செய்யும் சடங்கு. நான்கு மாதம் ஒரு ஓட்டலில் இருந்தவனைப் பற்றி அங்கே உள்ள கேப்டனுக்கும் சூ செஃப்புக்கும் எல்லாம் தெரிந்துவிடும். டிசம்பர் 31 இரவு தலைவலி என்று விடுப்பு எடுத்தானா, கல்யாண பேன்க்வெட் முடிந்து அதிகாலையில் ஆள் இல்லாத கூடத்தில் நாற்காலிகளை ஒழுங்காக அடுக்கினானா, கண்ணாடி டம்ளர் உடைந்ததை ஒப்புக்கொண்டானா, மூடி மறைத்தானா என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் இருக்கும். இது பெரிய தொழில் போலத் தோன்றினாலும் உள்ளே சிறிய ஊர். சென்னையில் செஃப்பாக இருப்பவர் பத்து வருடம் முன்பு கொச்சியில் இருந்திருப்பார், அவருடன் வேலை செய்தவர் இப்போது ஜெய்ப்பூரில் இருப்பார். ஒரு போன் போதும்.

நேர்முகத் தேர்விலும் தோண்டப்படுவது அந்த நான்கு மாதம்தான். நீ பயிற்சி எடுத்த ஓட்டலில் எத்தனை அறைகள்? உணவகத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் சாப்பிடலாம்? காலை பஃபேயில் முட்டை கவுண்டர் எத்தனை மணிக்குத் திறக்கும்? எந்தப் புத்தகத்திலும் இதற்கு விடை கிடையாது. லாக் புக்கை சீனியரிடம் வாங்கிக் காப்பி அடித்தவன் இரண்டாவது கேள்வியில் திணறுவான். உண்மையிலேயே நின்று வேலை செய்தவன் கேட்காததையும் சேர்த்துச் சொல்வான்.

மாணவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இந்தப் பத்தி ஓட்டல் முதலாளிகளின் துண்டுப் பிரசுரம் ஆகிவிடும். பல ஓட்டல்களுக்கு டிரெய்னிங் மாணவன் என்றால் சம்பளம் கொடுக்க வேண்டாத கூலி. சமையலறையில் போட்டால் இரண்டு வாரம் கொத்தமல்லி ஆய்ந்து வெங்காயம் உரிப்பான். உணவகத்தில் போட்டால் வெந்நீரில் முக்கி முக்கி கரண்டி துடைப்பான். பேன்க்வெட்டில் போட்டால் மேஜை சுமப்பான். ஒன்பது மணி நேரம் என்று சொல்லி அனுப்பியது பன்னிரண்டு ஆகும். கையில் கிடைப்பது ஏதோ பஸ் காசு, சில இடங்களில் அதுவும் இல்லை. கல்லூரி ஆசிரியர் ஒருமுறையாவது வந்து பார்த்திருக்க வேண்டும், பல கல்லூரிகளில் யாரும் வருவதில்லை. நான்கு மாதம் முடிந்து திரும்பும்போது, இந்தத் தொழிலே வேண்டாம், பி.பி.ஓ.வில் சேர்ந்துகொள்கிறேன் என்று முடிவெடுத்தவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். நல்ல ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் ஓட்டல்கள், கிடைத்த நல்ல ஆட்களை வெங்காயம் உரிக்க வைத்தே விரட்டுகின்றன. இந்தக் குற்றச்சாட்டை மறுக்கும் ஓட்டல்காரர் யாராவது இருந்தால், தன் ஓட்டலில் பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து வேலைக்கு விண்ணப்பித்தார்கள் என்ற கணக்கை முதலில் எடுத்துப் பார்க்கட்டும்.

இதற்குள் மாணவன் என்னதான் செய்ய முடியும்? வெங்காயம் உரிப்பதைத் தவிர்க்க முடியாது. உரித்து முடித்த பிறகு அரை மணி நேரம் மிச்சம் இருந்தால் தனக்குப் பிடித்த பிரிவின் ஓரத்தில் போய் நிற்க முடியும். அந்தப் பிரிவின் செஃப்பிடம் பேர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு, “நாளைக்கு நான் சீக்கிரம் வரட்டுமா சார்?” என்று கேட்க முடியும். அப்படிக் கேட்கிற பையன்கள் அதிகம் இல்லை. அதனால் கேட்டவனின் முகம் ஞாபகத்தில் இருக்கும்.

துறைவாரியாக வேலை எப்படிக் கிடைக்கிறது என்பதிலும் சில சூட்சுமங்கள் உண்டு. தொலைக்காட்சி செஃப்களின் புண்ணியத்தில் எல்லோருக்கும் சமையலறைதான் வேண்டும். அங்கே கடைசிப் படி கமி. அதிலேயே மூன்று தரம். மேலே ஏறினால் செஃப் தெ பார்த்தி, சூ செஃப், எக்சிகியூட்டிவ் செஃப். கமி வேலைக்கு வாய்ப்பேச்சு போதாது, ‘டிரேடு டெஸ்ட்’ வைப்பார்கள். பெச்சமெல், வெலூத்தே, எஸ்பான்யோல், ஹாலண்டேஸ், தக்காளி என்று ஐந்து தாய் சாஸ்களின் பெயரைக் கேட்பார்கள். பிறகு ஒரு கேரட்டைக் கொடுத்து மெல்லிய குச்சிகளாக வெட்டச் சொல்வார்கள். முடிவில் ஒரு ஆம்லெட். அலங்காரமான கேக்கைக் கற்பனை செய்துகொண்டு போனவனுக்கு இது அவமானமாக இருக்கும். ஆனால் மூன்றே நிமிடத்தில் ஆம்லெட் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். தீயை அடக்கத் தெரியுமா, பாத்திரம் எப்போது சூடாகிறது என்று தெரியுமா, முட்டையைத் தொட்ட கையைக் கழுவினானா, மேடையைத் துடைத்துவிட்டு நகர்ந்தானா என்று செஃப் பார்ப்பார். சமைத்த உணவை 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில் நெடுநேரம் விட்டால் கிருமிகள் பெருகும் என்பது பரீட்சைக்குப் படித்த பாடம். அது கைக்கு வந்திருக்கிறதா என்பதுதான் சோதனை.

கணக்கும் வேண்டும். மசால் தோசையை 300 ரூபாய்க்கு விற்கும் ஓட்டலில் அதற்கான பொருள் செலவு 90 ரூபாய் என்றால், அது 30 சதவீதம். நெய் விலை ஏறி 105 ஆனால் 35 சதவீதம். மனக்கணக்காக இதைச் சொல்லக்கூடிய கமி, சமையல் மட்டும் தெரிந்த கமியைவிட வேகமாக மேலே போவான். பிளஸ் டூவில் கணக்கு வராததால் கேட்டரிங்கில் சேர்ந்தேன் என்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

முன் அலுவலகத்துக்கு ஆங்கிலம் வேண்டும் என்பது உண்மை. எவ்வளவு வேண்டும் என்பதில்தான் மூட நம்பிக்கை. மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வரவேற்பு மேஜையில் புழங்கும் வாக்கியங்களை எண்ணி எழுதினால் ஒரு மெலிந்த நோட்டுப் புத்தகத்துக்குள் அடங்கிவிடும். பதிவு செய்திருக்கிறீர்களா, அடையாள அட்டை கொடுங்கள், காலை உணவு சேர்த்தா, எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள். இதை மூன்று மாதத்தில் யாரும் பேசிவிடலாம். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அறை கிடைப்பது பகல் 2 மணிக்கு. குழந்தையோடு ரயிலில் வந்தவர் 11 மணிக்கு நிற்கிறார். அறை தயாராகவில்லை. இதை எப்படிச் சொல்வது? நம் ஊர் மெஸ்ஸில் பூரி தீர்ந்துபோனால் சர்வர் தீர்ந்துவிட்டது என்று சொல்வதில்லை. “சூடா பொங்கல் இருக்கு, கொண்டு வரட்டுமா?” என்பார். இல்லை என்ற சொல்லை உச்சரிக்காமல் இல்லை என்று சொல்லத் தெரிந்த மனிதர் அவர். எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. நம் மாணவனுக்கு அந்தச் சாமர்த்தியம் தமிழில் ஏற்கெனவே இருக்கும், ஆங்கிலம் என்று வந்தவுடன் பயத்தில் விறைத்துப்போய் ‘நாட் பாசிபிள் சார்’ என்று பட்டென்று சொல்லிவிடுவான். பெட்டிகளை வைத்துக்கொள்ளவா, குழந்தைக்குப் பால் கொண்டுவரவா, அறை தயாரானதும் நானே வந்து கூப்பிடவா என்று மூன்று சிறு வாக்கியங்கள் போதும். இலக்கணம் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை. ஆங்கில வகுப்பில் உச்சரிப்புக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவிடலாம். மீதி நேரத்தில் இந்தி கற்றுக்கொள்ளலாம். வடக்கே போக வேண்டியிருக்கும் என்பது மட்டும் காரணமில்லை. சென்னை ஓட்டலின் சமையலறையிலேயே பக்கத்தில் நிற்பவர் உத்தராகண்டிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்தவராக இருக்கலாம். அறைக் கணக்கு, பில் எல்லாம் ‘ஓப்பரா’ போன்ற மென்பொருளில்தான் ஓடுகின்றன. அதில் விரல் பழகியவனுக்கு முதல் வாரத்திலேயே மேஜை கிடைக்கும்.

அறைப் பராமரிப்பை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. ஒரு ஷிப்டில் பதினான்கு, பதினைந்து அறைகள். படுக்கை விரிப்பு, குளியலறை, தூசு. அழுக்கோடு சம்பந்தப்பட்ட வேலை என்ற நம் பழைய நோய் இங்கேதான் முற்றிய நிலையில் இருக்கிறது. போட்டி குறைவாக இருப்பதால் சீக்கிரம் மேற்பார்வையாளர் ஆகக்கூடிய துறையும் இதுதான். தவிர, மருத்துவமனை, விமான நிலையம், மால், ஐ.டி. நிறுவன வளாகம் என்று ஓட்டலுக்கு வெளியே அதிகக் கதவுகள் திறப்பது இந்தப் படிப்புக்கு. ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி.யும் ரயில் உணவைக் கண்காணிக்க ஓட்டல் மேலாண்மைப் பட்டதாரிகளை ஒப்பந்த அடிப்படையில் எடுத்து வருகிறது. சொகுசுக் கப்பல்களும் வளைகுடா ஓட்டல்களும் சம்பளத்தில் ஆசை காட்டும். அங்கே போகிறவர்கள் பணம் கேட்கும் ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவர்தானா என்று ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது. பட்டியலில் பெயர் இல்லை என்றால் நடையைக் கட்டலாம்.

பெண்ணைப் பெற்றவர்களின் மூன்றாவது கேள்வி, பாதுகாப்பு. இரவு ஷிப்டு உண்டு, அறைக்குள் தனியாகப் போக வேண்டிய வேலையும் உண்டு. பயம் நியாயமானதே. ‘எங்கள் ஓட்டலில் அந்தப் பிரச்னையே இல்லை’ என்ற பதிலை நம்ப வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியில் இருப்பவரையும் ஊழியர் என்றே கணக்கில் கொள்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். நான்கு மாதம் மட்டுமே இருக்கப்போகிற மாணவிக்கு அந்தக் குழுவின் தலைவி யார் என்று முதல் நாளே சொல்கிறார்களா, ராத்திரி வீட்டில் கொண்டுவிட வண்டி உண்டா என்று கல்லூரி கேட்டு வைத்திருக்க வேண்டும். அப்படிக் கேட்கிற கல்லூரியிலிருந்து வரும் பெண்கள் தொழிலில் தங்குகிறார்கள். மற்றவர்களில் பலர், திறமை இருந்தும், ஒரு கசப்பான இரவோடு முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

1922இல் மோகன் சிங் ஒபராய் சிம்லா செசில் ஓட்டலில் மாதம் 50 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஓட்டல் படிப்பு என்று ஒன்று இந்தியாவில் இல்லாத காலம். 1934இல் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் அடகு வைத்து அதே ஊரில் கிளார்க்ஸ் ஓட்டலை வாங்கினார். பட்டமளிப்பு விழாக்களில் இந்தக் கதையைச் சொல்லி மாணவர்களுக்கு உற்சாகம் ஊட்டுவார்கள். நடுவில் கிடக்கும் பன்னிரண்டு வருடத்தை யாரும் விவரிப்பதில்லை. அவர் தொடங்கிய குழுமம் 1966 முதல் சொந்தமாகப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்துக்கொண்டு, வேலை செய்தபடியே பட்டம் வாங்க வைக்கும் திட்டமும் அவர்களிடம் உண்டு. கல்லூரிக்கு லட்சங்கள் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது மாதிரியான வழிகள் இருப்பது தெரிய வேண்டும். எட்டாம் வகுப்பு தேறியவர்களுக்காக மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009இல் தொடங்கிய ‘ஹுனர் சே ரோஜ்கார் தக்’ திட்டத்தில் சில வாரங்களில் சமையலோ பரிமாறுதலோ கற்று வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

தாஜின் மூன்றாவது அளவுகோல் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மரியாதை சரி, மலர்ந்த முகம் சரி. வீட்டில் பணம் இல்லாததை ஒரு தகுதியாக எப்படி எடுத்துக்கொள்வது? ஓட்டல் தரப்பில் விளக்கம் இருக்கும்: தேவை உள்ளவன் வேலையை மதிப்பான், பாதியில் ஓடமாட்டான். சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்கு இதனால் ஒரு வாசல் திறந்தது என்பதையும் மறுக்கவில்லை. திருச்சியிலும் கோவையிலும் அந்த வாசல் வழியாகப் போய்ப் பெரிய பதவிக்கு வந்தவர்கள் இருக்கலாம். ஆனால் தேவையை நம்பியே ஒரு தொழிலை நடத்த முடியாது என்பது 2020இல் தெரிந்தது. மார்ச் கடைசியில் நாடே மூடப்பட்டு ஓட்டல்கள் காலியானபோது ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்து ஊருக்குத் திரும்பினார்கள். கையில் தொழில் இருந்தவர்கள் வீட்டிலிருந்தே சமைத்து விற்றார்கள், சிலர் மளிகைப் பொருட்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், சிலர் வேறு அலுவலகங்களில் சேர்ந்தார்கள். பயணிகள் திரும்பி வந்தார்கள். ஊழியர்களில் பலர் திரும்பவில்லை. கஷ்டம் தீராத வீடுகள்தான் அவை. எட்டு மணி நேரத்தில் முடிகிற வேலையும், தீபாவளிக்கு விடுமுறையும் வேறு இடத்தில் கிடைக்கும் என்று அதற்குள் அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள்.

அந்தக் கட்டுரை சொன்ன இன்னொரு விஷயத்தை ஓட்டல்கள் கவனித்திருக்கலாம். மற்ற இடங்களில் 12 மாதம் தரும் பயிற்சியை தாஜ் 18 மாதம் தந்தது. ஆளைத் தேர்ந்தெடுத்ததோடு விட்டுவிடாமல் ஒன்றரை வருடம் அவர்மேல் செலவழித்தார்கள். நவம்பர் 26 ராத்திரியை விளக்குவதற்கு ஏழ்மையைவிட இது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இந்த ஜூனில் கல்லூரி வாசலில் நிற்கப்போகும் பெற்றோருக்குச் சில கேள்விகள் எழுதித் தருகிறேன். முதல் கேள்வி, போன வருடம் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் எந்தெந்த ஓட்டல்களில் பயிற்சி எடுத்தார்கள்? அங்கே போய்ப் பார்த்த ஆசிரியர் யார்? வேலை கிடைத்தவர்கள் என்று சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் உள்ளவர்கள் எந்தப் பதவியில் சேர்ந்தார்கள்? மூன்று வருடம் முன்பு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள்? கல்லூரி முதல்வர் சிரித்து மழுப்பினால், அந்தச் சுவரிலிருந்து ஒரு பழைய மாணவரின் போன் நம்பரை மட்டும் கேட்டு வாங்குங்கள். பையனையே பேசச் சொல்லுங்கள். கூப்பிடுவதாக இருந்தால் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஆறரைக்குள். பிரேக் ஷிப்டில் இருப்பவர்களுக்கு அப்போதுதான் கொஞ்சம் காலை நீட்ட நேரம் கிடைக்கும்.